பெட்டிக்குப் போட்ட கொட்டகை

குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் முதலில் எரியும். அப்புறம் முழங்கால்வரை குத்தும். வெயில் ஏற ஏறக் கால் மரத்துப்போகும். அதற்குப் பிறகு நின்று வேலை செய்யலாம். அன்றைக்குச் சந்தனமாரிக்குக் கால் மரத்துப்போகவே இல்லை. உச்சிவரை வாருபலகையை இழுத்துப் பாத்தியில் விளைந்த உப்பை வரப்போரம் ஒதுக்கினாள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் பலகையைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே கொட்டகைக்குப் போனாள்.

மற்றவர்கள் போகவில்லை. சங்கு இப்போது அவளுக்கு மட்டும்தான்.

முன்பு எல்லோருக்கும் ஊதியது. தூத்துக்குடிப் பக்கம் வெயில் நாற்பத்தைந்தைத் தாண்ட ஆரம்பித்த காலத்தில், உப்பளத்துக்கு உப்பளம் ஆட்கள் விழுந்து செத்தார்கள். அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயிலில் வேலை கூடாது, நிழல் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாலைந்து வருஷம் அப்படி நடந்தது. பிறகு பெட்டி வந்தது.

பெட்டி பார்ப்பதற்குச் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். நின்றுபோகிற நெஞ்சுக்குக் கரண்ட் அடித்து எழுப்பும். அதற்குத் துணையாக ஒவ்வொரு ஆளின் கையிலும் ஒரு பட்டை. நெஞ்சு தடுமாறிய அந்த நிமிஷமே பட்டை சிவப்பாகும். கொட்டகையில் இருக்கிற பெட்டி பெயரையும் பாத்தியையும் சொல்லிக் கத்தும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். டாக்டரோ நர்ஸோ வேண்டியதில்லை, இரண்டு நாள் சாயங்காலம் பயிற்சி எடுத்தால் போதும். அந்த ஆள்தான் சந்தனமாரி. உடனே அடித்தால் பத்தில் ஒன்பது பேர் எழுந்துவிடுகிறார்கள் என்றார்கள். எழுந்தும் விட்டார்கள். அதனால் சட்டத்தைத் திருத்தினார்கள். பெட்டியும் பழகிய ஆளும் இருக்கிற அளத்தில், ஆய்வு நடக்கிற பருவத்தில் சாவு எதுவும் இல்லையென்றால், அடுத்த மூன்று வருஷத்துக்கு மத்தியான ஓய்வு கட்டாயமில்லை.

ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறினால் பெட்டி வேலை செய்யாது. ஆகையால் பெட்டிக்குக் கட்டாயம் நிழல் வேண்டும். அதற்காக ஓலைக் கொட்டகை போட்டு, உள்ளே ஒரு மின்விசிறியும் வைத்தார்கள். பெட்டியைத் தூக்க வேண்டியவள் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்பதால் அவளையும் மத்தியானம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள்.

"மாமியா தூங்குதாளா, முழிச்சிருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்க வந்தாள் தங்கபுஷ்பம். அடுத்த பாத்திக்காரி. பெட்டிக்கு மாமியா என்று பெயர் வைத்தவளும் அவள்தான். காரணம் கேட்டால், "அதைச் செய், இதைச் செய், தள்ளி நில்லுன்னு சொல்லுமே தவிர, சாப்பிட்டியான்னு ஒருநாள் கேட்டிருக்கா?" என்பாள்.

"பச்சை லைட் எரியுது. முழிச்சுத்தான் இருக்கா" என்றாள் சந்தனமாரி.

"அணைஞ்சா நல்லாயிருக்கும். போன மாசம் பேட்டரி போச்சே, நெனப்பிருக்கா? பட்டையெல்லாம் மஞ்சளாயி, வேலைய நிறுத்துன்னு அவளே சொன்னாளே. புது பேட்டரி வரங்காட்டியும் லாரி நெழல்ல படுத்து ஒரு தூக்கம் போட்டேன் பாரு. கல்யாணமான மறுநாள்கூட அப்படித் தூங்கலை."

பின்னாலேயே சவரிமுத்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நெட்டையான ஆள். கொட்டகைக்குள் கால் வைக்காமல் வெளியே நின்று சொம்பை வாங்கிக் குடித்தார். தங்கபுஷ்பம் போகும்வரை காத்திருந்தார்.

"மாரி, ஒண்ணு கேக்கணும். நெஞ்சு நின்னு போனவனைத்தானே இது எழுப்புது?"

"முழுசா நின்னு போனா எழுப்பாது அண்ணாச்சி. நிக்கறதுக்கு முன்னால நெஞ்சு கன்னாபின்னான்னு நடுங்குமாம். சந்தைக்கடையில எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா எப்படி? அப்படி. இது ஒரு அடி அடிச்சா எல்லாரும் வாய மூடுவாங்க. அப்புறம் ஒருத்தன் ஒழுங்கா ஆரம்பிப்பான், மத்தவன் அவன்கூடச் சேருவான். பயிற்சியில அப்படித்தான் சொன்னாவ."

"நடுங்கறப்ப அடிக்காம விட்டா?"

"கொஞ்ச நேரத்துல அடங்கிரும். அப்புறம் இது 'மின்னதிர்ச்சி தேவையில்லை'ன்னு சொல்லிரும்."

சவரிமுத்து சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "நான் விழுந்தா அடிக்காத."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

"பெரியாஸ்பத்திரியில படம் எடுத்தாவ. நெஞ்சு பலூன் மாதிரி வீங்கிருக்காம். வேலைக்குப் போகாதன்னு சொன்னாரு டாக்டர். இன்னைக்கோ நாளைக்கோ விழத்தான் போறேன். வீட்டுல விழுந்தா யாருக்கும் பிரயோஜனமில்ல. இங்ஙன விழுந்து இங்ஙனயே முடிஞ்சிட்டா அது அளத்துச் சாவு. ஒரு சாவு இருந்தா மத்தியான நெழல் திரும்பி வரும்லா?"

சந்தனமாரிக்குப் பதில் தெரியும்.

அவர் மனைவி ரோஸ்லின் போன வருஷப் பங்குனியில் விழுந்தாள். பெட்டி கத்தியது, சந்தனமாரி ஓடினாள், ரோஸ்லின் எழுந்தாள். வரப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுச் செத்தாள். வெயிலில் வெந்ததுதான் காரணம் என்று அளத்தில் எல்லோருக்கும் தெரியும். சங்கத்து ஆட்கள் மனு கொண்டுபோனபோது தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா வருத்தத்தோடுதான் சொன்னார்: "அளத்துக்குள்ள நடந்த சாவு இருந்தா காட்டுங்க. ஆஸ்பத்திரிச் சாவுக்கு நான் எப்படி ஓய்வு எழுத முடியும்?" வேலைநிறுத்தமும் செய்து பார்த்தார்கள். வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள்.

"அடிக்காம இருந்தா என்னை உள்ள தள்ளிருவாவ அண்ணாச்சி."

"உன் மேல ஒண்ணும் வராது. அதுக்கு நான் வழி பண்ணிக்கிடுதேன்."

"என்ன வழி?"

"உனக்கு எதுக்கு? நீ உன் வேலையப் பாரு. மாமியா சொல்லுறதை அப்படியே செய்யி. அது போதும்."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் வெயிலுக்குள் போனார். உப்பு வெளிச்சத்தில் அவர் உருவம் கொஞ்ச தூரத்திலேயே கரைந்தது. சந்தனமாரி விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காலைத் தடவினாள். அந்த இடத்தில் உட்காரும்போதெல்லாம் வெளியே நிற்பவர்களைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தாள். சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் அது முடியும்.

காலையில் பாத்தியில் இறங்குவதற்கு முன் எல்லோரும் முழங்கால்வரை எண்ணெய் தடவுவார்கள். தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்தது, உப்பு கடிக்காமல் இருக்க. சாயங்காலம் குழாயடியில் அதைக் கழுவ வேண்டும். அந்தச் சவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதனால் காய்ந்த உப்பை ஒரு கை அள்ளித் தேய்ப்பார்கள். எண்ணெய் உப்போடு திரண்டு வந்துவிடும். அதன் பிறகு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோரும் செய்வதுதான்.

சித்திரை பிறந்து வெயில் நாற்பத்தேழைத் தொட்டது. ஒரு மத்தியானம் சந்தனமாரி பாதிச் சோற்றில் இருந்தபோது பெட்டி கத்தியது.

"சவரிமுத்து. ஒன்பதாம் பாத்தி. உடனே செல்லவும்."

சாப்பிட்ட கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெடிப்பு எரிந்ததா இல்லையா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளுக்குத் தெரியவில்லை. தங்கபுஷ்பமும் இன்னொருத்தியும் அவரைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் காய்ந்த வரப்பில் போட்டிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. சட்டையைக் கிழித்தாள். பிளாஸ்திரி மாதிரி இருக்கிற இரண்டு ஒட்டுகளையும் உரித்து, படத்தில் காட்டியபடி வலது மார்புக்கு மேலே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று வைத்தாள்.

"ஒட்டுகள் பொருந்தவில்லை" என்றது பெட்டி. "நெஞ்சைத் துடைத்து மீண்டும் ஒட்டவும்."

துண்டால் துடைத்து மறுபடி வைத்தாள். வழுக்கியது.

"ஒட்டுகள் பொருந்தவில்லை."

உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தாள். கை சறுக்கியது. வேப்பெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. கழுத்திலிருந்து தொப்புள்வரை, விலாவுக்குப் பின்னால்வரை, கட்டியாகப் பூசியிருந்தார். நெஞ்சுக்கு எண்ணெய் தடவி யாரும் பாத்தியில் இறங்குவதில்லை.

இதுதான் அவர் சொன்ன வழி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமியா சொல்லுகிறபடி துடைத்துத் துடைத்து ஒட்டிக்கொண்டே இருக்கலாம். துண்டுக்கு அந்த எண்ணெய் போகாது. பெட்டியும் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பின்னால் யார் கேட்டாலும் அதேதான் சொல்லும். அவள் ஓடி வந்தாள், ஒட்டினாள், ஒட்டவில்லை. அவள் மேல் குற்றமில்லை. இங்கே ஒரு சாவு இருக்கும். மத்தியானச் சங்கு எல்லோருக்கும் ஊதும்.

"என்னக்கா, ஏன் சும்மா இருக்கே?" என்றாள் தங்கபுஷ்பம்.

சந்தனமாரி வரப்போரம் குவித்திருந்த காய்ந்த உப்பில் கையைவிட்டாள். இரண்டு கையிலும் அள்ளி அவர் நெஞ்சில் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவக்கத் தேய்த்தாள். எண்ணெய் அழுக்காகத் திரண்டு வந்தது.

"தண்ணி ஊத்து. குடிக்கிற தண்ணி."

தங்கபுஷ்பம் தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். உப்பும் ஈரமும் இருந்தால் கரண்ட் நெஞ்சுக்குள் போகாமல் தோலோடு ஓடிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையைக் கழற்றி, அழுத்தித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். புது ஒட்டுகளை உரித்து வைத்தாள்.

"பரிசோதிக்கிறேன். யாரும் தொடாதீர்கள்" என்றது பெட்டி. "மின்னதிர்ச்சி தேவை. விலகி நின்று சிவப்புப் பொத்தானை அழுத்தவும்."

அழுத்தினாள். அவர் உடம்பு ஒரு தூக்கு தூக்கி விழுந்தது. நெஞ்சை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். தங்கபுஷ்பம் மாறி அழுத்தினாள். அப்புறம் அவராகவே மூச்சு இழுத்தார்.

கண் திறந்ததும் அவர் பார்த்தது சந்தனமாரியின் கையைத்தான். விரலிடுக்கில் எண்ணெயும் உப்பும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. உதடு அசைந்தது.

"பாவி."

குனிந்திருந்த அவளுக்கு மட்டும் கேட்டது.

ஆம்புலன்ஸ் போன பிறகு தங்கபுஷ்பம் கைகழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த மனுஷன் நெஞ்சுல எதுக்கு அம்புட்டு எண்ணெ?"

சந்தனமாரி சொன்னாள், முதலிலிருந்து. தங்கபுஷ்பம் கேட்டு முடித்து ஈரக் கையை முந்தியில் துடைத்தாள்.

"உப்பளத்துல கெடந்துக்கிட்டு எண்ணெயை நம்பியிருக்காரு பாரு."

"ம்."

"நீ தேய்க்காம விட்டிருந்தா?"

"கண்ணு பாதி தொறந்து கெடந்துது புஷ்பம். அப்படியே விட்டுட்டு எழுந்திரிக்க எனக்குத் தெரியலை."

"நான் குத்தம் சொல்லலை" என்றாள் தங்கபுஷ்பம். ஆனால் அன்றைக்கு வழக்கம்போல் சேர்ந்து நடக்காமல் முன்னால் போனாள். மறுநாளைக்குள் விஷயம் எல்லாப் பாத்திக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சந்தனமாரியைத் திட்டவில்லை. தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்கு வருவதுதான் குறைந்தது. வரப்பிலேயே குடத்தைக் கொண்டுவைத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் ஆய்வாளர் அம்மா வந்தார். பெட்டியிடம் கேட்டார். இந்தப் பருவத்தில் விழுந்தவர்கள் நான்கு பேர், எழுந்தவர்கள் நான்கு பேர் என்று பெட்டி சொன்னது. அந்த அம்மா சந்தனமாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனதாரத்தான் குலுக்கினார். இன்னும் மூன்று வருஷத்துக்கு மத்தியான ஓய்வு தேவையில்லை என்று உத்தரவானது.

கங்காணி பொன்ராஜ் லட்டு வாங்கிவந்தான். "நம்ம அளத்துக்கே பேரு வாங்கிக் குடுத்துட்டீயம்மா" என்று அவளுக்கு முதலில் நீட்டினான். அவனும் கெட்டவன் இல்லை. அவன் அப்பாவும் வாருபலகை இழுத்தவர்தான். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனான். தங்கபுஷ்பம் வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"எனக்கெதுக்கு? மாமியாளுக்கு ஊட்டிவிடுங்க. அவதானே நெழல்ல உக்காந்து கஷ்டப்படுதா."

சிலர் சிரித்தார்கள். சந்தனமாரி லட்டைச் சேலை முந்தியில் முடிந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அது வியர்வையில் கரைந்திருந்தது.

ஆனி மாதம் சவரிமுத்து வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். இனி அவரை வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். தூக்குவாளியையும் வாருபலகையையும் எடுத்துப்போக வந்திருந்தார். சந்தனமாரி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க அண்ணாச்சி, வெயிலா இருக்கு" என்றாள்.

"வேண்டாம். பழகிருச்சு." வாசலுக்கு வெளியே, நிழல் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். "கோவமா இருக்கேன்னு நெனைக்காத. முதல்ல இருந்துது. ஆஸ்பத்திரியில மக வந்து பக்கத்துல இருந்தா. பேத்திய மடியில போட்டா. அப்போ கோவம் போயிருச்சு."

"சரி அண்ணாச்சி."

"ஆனா ஒண்ணு. என் உசுரைக் குடுத்ததுக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன்னு நெனச்சிராத. நான் கேக்கலை. நீதான் கடன்பட்டிருக்கே. எனக்கில்ல. அந்தா நிக்காவளே, அவங்களுக்கு."

அவள் அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தாள். வெளியே உப்பு கண்ணைப் பறித்தது. அதற்குள் ஆட்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை.

"என்ன கடன்?"

"மத்தியான நெழல்." அவர் பலகையை ஊன்றி எழுந்தார். "என் சாவை வச்சு நான் அதை வாங்கிருப்பேன். நீ அதை அழிச்சிட்டே. எங்ஙன இருந்து குடுப்பியோ, எனக்குத் தெரியாது."

அவர் வண்டித்தடத்தில் மெதுவாக நடந்தார். சந்தனமாரி விசிறியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், வெப்பம் முப்பத்தெட்டு என்று காட்டியது.

எழுந்து பெட்டியைத் தூக்கினாள். யாரும் விழுந்திருக்கவில்லை. அதனால் ஓடாமல் நடந்தாள். கொட்டகையிலிருந்து பத்தடி தள்ளி, அன்றைக்கு அள்ளிக் குவித்த உப்புமேட்டின் உச்சியில் அதை வைத்தாள். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளைச் சூடு. பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

எண் ஏறியது. நாற்பதுகளைத் தாண்டியதும் பெட்டி பேச ஆரம்பித்தது.

"வெப்பம் அதிகரிக்கிறது. நிழலுக்கு மாற்றவும்."

அவள் அசையவில்லை.

"வெப்பம் அளவு கடந்துவிட்டது. இந்த வெயிலில் என்னால் வேலை செய்ய இயலாது. உடனே நிழலுக்கு மாற்றவும். வெயில் வேலையை நிறுத்தவும்."

பச்சை அணைந்தது. அளம் முழுவதும் கைப்பட்டைகள் மஞ்சளாயின. ஆட்கள் நிமிர்ந்து யார் விழுந்தது என்று ஒருவரையொருவர் தேடினார்கள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருக்கா?" என்று தூரத்திலிருந்து கத்தினாள் தங்கபுஷ்பம்.

"யாருமில்லை. மாமியாதான்."

பெட்டி மறுபடி சொன்னது: "இந்த வெயிலில் என்னால் வேலை செய்ய இயலாது." இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் பாத்திக்குப் பாத்தி சிரிப்பு போனது. பலகைகளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தார்கள். கொட்டகை கொள்ளவில்லை. பாதிப் பேர் லாரி நிழலுக்குப் போனார்கள். தங்கபுஷ்பம் விசிறிக்கு நேர் கீழே காலை நீட்டிப் படுத்து, "இதைத்தான்க்கா இவ்வளவு நாளா ஒத்தையில அனுபவிச்சியா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

வண்டித்தடத்தில் சவரிமுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்ராஜ் பைக்கில் வந்து சேர்ந்து, பெட்டியைத் தூக்கினான். கை சுட்டு, போட்டுவிட்டு, துண்டைச் சுற்றி மறுபடி தூக்கினான். நிழலில் வைத்தும் சூடு இறங்கவில்லை. பச்சை விளக்கு வரும்போது மணி மூன்றாகியிருந்தது. "என்ன காரியம்மா பண்ணிட்டே" என்றான். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. "இதைப் பாத்துக்கிடத்தானே உன்னை எடுத்தோம்." தூங்கியவர்களை எழுப்பும்போது அவன் குரல் தணிந்திருந்தது.

அடுத்த நாள் பெட்டியைக் கொட்டகைத் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். சாவி புதிதாகப் பழக்கிய வேறொருத்தியிடம் போனது. சந்தனமாரி எல்லோரையும்போல் மத்தியானமும் பாத்தியில் நின்றாள். சாயங்காலம் குழாயடியில் காலில் உப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சவரி அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு. ஒரு மத்தியானம் கழிஞ்சுதாம்."

"மீதி?"

"மீதி இருக்குன்னாரு."

சந்தனமாரி நல்ல தண்ணீரைக் காலில் ஊற்றினாள். வெடிப்பு எரிந்தது. இந்த அளத்து ஆட்களுக்கு அவள் கொடுத்தது ஒரு மத்தியான நிழல். இன்னும் மூன்று வருஷத்து மத்தியானம் பாக்கி.